தம் இல்லையா, பழக்கம் இல்லையா?

2008-ல் டேவிட் ஸ்டாடனும் சக ஆய்வாளர்களும் ‘குவெஸ்ட்’ இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். குழந்தைகளின் உடற்தகுதி பற்றிப் படிக்கிறவர்கள் யாரும் அதைத் தாண்டிப் போக முடியாது. சுருக்கமா இதுதான் விஷயம்: ஓட, தாவ, எறிய நல்லா வருகிற பிள்ளை அதிகம் விளையாடும், விளையாட விளையாட உடற்தகுதி கூடும், அது கூடினால் இன்னும் விளையாடும். வராத பிள்ளை ஒதுங்கும், ஒதுங்க ஒதுங்கப் பின்தங்கும். சின்ன வயதில் மெலிசாக இருக்கும் இந்தத் தொடர்பு, வளர வளர வலுக்கும் என்பது அவர்கள் கணிப்பு.

நல்ல மாடல். சுழற்சியாகப் படம் போட்டுக் காட்டினாலே இன்ஜினியர்களுக்குப் பிடிச்சுப் போயிடும். அங்கேதான் கொஞ்சம் நிதானம் வேணும்.

என் கேள்வி அளவீட்டைப் பற்றியது. உடல் ஒருங்கிணைப்பை அளக்கப் பல ஆய்வுகள் பயன்படுத்துவது, 1974-ல் ஜெர்மனியில் கிப்ஹார்டும் ஷில்லிங்கும் வெளியிட்ட கே.டி.கே. சோதனை. அதில் நாலு வேலை: 6, 4.5, 3 செ.மீ. அகலக் கட்டைகள் மேல் பின்னோக்கி நடப்பது. அடுக்கிய நுரைத் துண்டுகளை நொண்டித் தாண்டுவது. 15 விநாடி பக்கவாட்டில் குதிப்பது. 20 விநாடி இரண்டு பலகைகளை மாற்றி மாற்றி வைத்து நகர்வது. 15 விநாடி விடாமல் குதிக்கக் கால் வலு வேண்டாமா?

மறுபக்கம் பாருங்க. யூரோஃபிட் மாதிரியான உடற்தகுதிச் சோதனையில் நின்ற இடத்திலிருந்து நீளம் தாண்டுதல் உண்டு. கை வீச்சும் கால் உந்துதலும் ஒத்து வராவிட்டால், வலு இருந்தும் தூரம் வராது. ஆக, இரண்டு அளவுகோலுக்குள்ளும் பொதுவான துண்டு ஒன்று இருக்கு. இரண்டு மதிப்பெண்ணும் சேர்ந்து ஏறினால், அதில் நிஜத் தொடர்பு எவ்வளவு, சோதனையே தன்னைத்தானே அளந்தது எவ்வளவு? தொடர்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. அம்புக்குறி போடும் முன்னால் இதைப் பிரித்துப் பார்க்கணும். டேல் உல்ரிக்கின் டி.ஜி.எம்.டி. சோதனை, ‘எத்தனை’ என்று எண்ணாமல் ‘எப்படி’ என்று பார்க்கிறது. அதையும் பக்கத்தில் வைத்தால் கொஞ்சம் தெளியும்.

இது ஆய்வாளர்களின் வாய்ச்சண்டை மட்டும் இல்லை. நம்ம கேலோ இந்தியா பள்ளிச் சோதனையில் 1 முதல் 3-ம் வகுப்பு வரை ஒற்றைக்கால் சமநிலை, தட்டுகளைக் கையால் மாற்றி மாற்றித் தட்டுவது என்று ஒருங்கிணைப்பைப் பார்க்கிறார்கள். 4-ம் வகுப்பிலிருந்து 50 மீட்டர், 600 மீட்டர் ஓட்டம், புஷ்-அப் எல்லாம் வருது. ஒருங்கிணைப்புக்கென்று தனிச் சோதனை காணோம். ஸ்டாடன் பாதி சரி என்று வைத்தாலும், தொடர்பு வலுக்கிற வயதில் நாம் பார்ப்பதை நிறுத்திவிடுகிறோம்.

600 மீட்டரில் கடைசியாக வருகிற 9 வயதுப் பிள்ளைக்குத் தம் இல்லையா, ஓடும் முறை பிடிபடலையா? மதிப்பெண் சொல்லாது. முதல் பிள்ளைக்குப் பயிற்சி போதும். இரண்டாவது பிள்ளைக்கு யாராவது பொறுமையா சொல்லித்தரணும். அதைப் பார்த்து “இன்னும் ரெண்டு ரவுண்டு ஓடு” என்றால், மைதானத்துப் பக்கமே வராது.