கேட்டதெல்லாம் கிதாபாகுமா?

2018 மார்ச். திகன எரிந்து அடங்கிய நாட்கள். பதினோராம் தரத்துக்குக் கட்டுரைப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகளின் மனம் பாடத்தில் இல்லை, எல்லோருக்கும் அம்பாறைக் கதைதான். பெப்ரவரி 26 இரவு ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் பரிமாறிய உணவில் 'மலட்டு மாத்திரை' கலந்திருந்ததாகச் சொன்னார்கள். சிங்களம் சரியாகத் தெரியாத கடைக்காரர் மிரட்டலுக்குப் பயந்து தலையாட்டினார். அந்தக் காணொளி பேஸ்புக்கில் பரவியது. பள்ளிவாசல் உடைந்தது. உணவில் இருந்தது வெறும் மாவுக்கட்டி என்று அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களம் பிறகு அறிக்கை கொடுத்தது. சாப்பாட்டில் போட்டு ஒருவரை நிரந்தர மலடாக்கும் மாத்திரை மருத்துவ உலகத்திலேயே இல்லை என்று வைத்தியர்கள் விளக்கினார்கள். அந்த விளக்கம் வந்தபோது அம்பாறையில் மட்டுமல்ல, கண்டி மாவட்டத்திலும் கடைகள் சாம்பலாகியிருந்தன.

நான் பிள்ளைகளுக்குச் சொன்னேன்: "ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், 'இப்படி ஒரு மாத்திரை இருக்கா?' எண்டு கேட்டிருந்தாப் போதும். யாரும் கேக்கல்ல. சரிபார்க்காம நம்பினதுதான் இதுக்கெல்லாம் காரணம்."

கடைசி வாங்கிலிருந்து ஒரு மாணவன் எழும்பினான். குறும்புக்காரன் அல்ல, மெய்யாகவே தெரிய வேண்டும் என்று கேட்பவன்.

"சேர், போன மீலாத் விழாவில நீங்க ஆம்ஸ்ட்ரோங்குட கதை சொன்னீங்களே, சந்திரனில பாங்கு கேட்டது எண்டு. அத நீங்க சரிபார்த்தீங்களா?"

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. "இல்ல" என்றேன். அதற்கு மேல் சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. அந்த 'இல்ல'வை விளங்கிக்கொள்ள எடுத்த முயற்சிதான் இந்தக் கட்டுரை. நமது மேடைகளிலும் நூல்களிலும் உலாவும் ஒருவகை எழுத்தைப் பற்றிய விமர்சனம் இது. அதில் முதல் குற்றவாளியாக நானே நிற்கிறேன்.

ஒரு கதையின் ஸனது

நீல் ஆம்ஸ்ட்ரோங் 1969 ஜூலையில் சந்திரனில் கால் வைத்தார். அங்கே ஒரு விசித்திரமான ஓசையைக் கேட்டார். பல வருடங்களுக்குப் பின் எகிப்தில் பாங்கோசை கேட்டபோது அதுதான் இது என்று உணர்ந்து இஸ்லாத்தைத் தழுவினார். இதுதான் கதை. வாப்பா வாங்கிவந்த ஒரு சின்னப் புத்தகத்தில் பன்னிரண்டு வயதில் இதை வாசித்தேன். பிறகு எத்தனையோ பயான்களில் கேட்டேன். கடைசியில் நானே சொல்பவனானேன்.

அன்று பின்னேரம் வீட்டில் இருந்து, ஹதீஸ் கலை மாணவன் ஒருவன் ஸனதைப் பார்ப்பதுபோல் இந்தக் கதையைப் பார்த்தேன். எனக்குச் சொன்னது புத்தகம். புத்தகத்துக்குச் சொன்னது யார்? பெயர் இல்லை. ஆம்ஸ்ட்ரோங்கின் வாயால் கேட்டவர் யார்? ஒருவரும் இல்லை. மாறாக, கேள்விப்பட்டபோதெல்லாம் அவர் மறுத்தே வந்தார். கதை அவ்வளவு தூரம் பரவியதால் 1983 மார்ச்சில் அமெரிக்க இராஜாங்கத் திணைக்களம் முஸ்லிம் நாடுகளிலிருந்த தன் தூதரகங்களுக்கு மறுப்புச் செய்தி அனுப்பியது. அதற்குப் பின் ஏறக்குறைய முப்பது வருடங்கள் அவர் உயிரோடு இருந்தார். 2012 ஆகஸ்ட்டில் இறந்தார். அந்த முப்பது வருடமும் நாம் கதையை விடவில்லை.

மத்னைப் பார்த்தால் இன்னும் மோசம். ஓசை பரவக் காற்று வேண்டும், சந்திரனில் காற்று மண்டலம் இல்லை. இது எட்டாந்தரப் பிள்ளைக்கும் தெரியும். "மதம் மாறியதால் லெபனானில் ஒளிந்து வாழ்கிறார்" என்று கதைக்கு ஒரு வாலும் இருந்தது. அவர் லெபனனில் வாழ்ந்தது உண்மைதான். அது அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் இருக்கும் லெபனன் என்ற சிற்றூர்!

நல்ல நோக்கத்தில் சொன்ன பொய்

பொய்யென்று தெரிந்து இதைச் சொன்னவர்கள் குறைவு. பிள்ளைகளின் ஈமான் வலுவாகட்டும் என்றுதான் நானும் சொன்னேன். இந்த நியாயம் புதியதல்ல. நூஹ் இப்னு அபீ மர்யம் என்பவரின் கதை ஹதீஸ் கலை நூல்களில் வருகிறது. குர்ஆனின் ஒவ்வொரு ஸூராவுக்கும் சிறப்புகள் சொல்லும் ஹதீஸ்களை அவர் இட்டுக்கட்டினார். ஏன் என்று கேட்டபோது, மக்கள் அபூ ஹனீபாவின் ஃபிக்ஹிலும் இப்னு இஸ்ஹாக்கின் யுத்த வரலாற்றிலும் மூழ்கிக் குர்ஆனை மறந்துவிட்டார்கள், அவர்களைத் திருப்பவே இப்படிச் செய்தேன் என்றாராம். நோக்கத்தைப் பார்த்து அறிஞர்கள் அவரை மன்னிக்கவில்லை. பொய்யர் என்றே பதிந்தார்கள்.

இமாம் முஸ்லிம் தம் ஸஹீஹின் முன்னுரையில் இதைவிடக் கசப்பான ஒன்றைப் பதிவு செய்கிறார். ஹதீஸ் விடயத்தில் நல்லடியார்களிடம் கண்ட அளவுக்குப் பொய்யை வேறெதிலும் காணவில்லை என்று யஹ்யா இப்னு ஸஈத் அல் கத்தான் வருந்தினார். அவர்கள் வேண்டுமென்று பொய் சொல்வதில்லை, பொய் அவர்களின் நாவில் தானாக ஓடிவிடுகிறது என்று இமாம் அதற்கு விளக்கம் தருகிறார். கேட்டதையெல்லாம் சொல்லித் திரிவதே ஒருவன் பொய்யனாவதற்குப் போதும் என்ற நபிமொழியும் அதே முன்னுரையில்தான் இருக்கிறது. வட்ஸ்அப்பில் 'போர்வர்ட்' பொத்தானை அமத்துமுன் நாம் வாசிக்க வேண்டிய முன்னுரை அது.

களுத்துறைக் கடலும் எங்கள் கடலும்

2004 டிசம்பர் 26. புல்மோட்டைக் கரையையும் அலை விட்டுவைக்கவில்லை. அடுத்த வருடம் ஒரு படம் கடைகளிலும் ஓட்டோக்களிலும் தொங்கியது. களுத்துறைக் கரையை அடித்துவிட்டுத் திரும்பும் அலையைச் செய்மதி எடுத்த படம். நுரைக்கோடுகள் அரபு எழுத்தில் 'அல்லாஹ்' என்று எழுதியிருப்பதாக அதற்கு விளக்கம். பாவிகளுக்கு இறக்கிய தண்டனையில் இறைவன் ஒப்பமிட்டான் என்று சிலர் எழுதவும் செய்தார்கள்.

அப்போது நான் புதிதாக நியமனம் பெற்ற ஆசிரியன். அகதி முகாமில் சாமான் கொடுக்கப் போன இடத்தில், இரண்டு பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்த ஒரு தாய் அந்தப் படத்தைக் காட்டிக் கேட்டார்: "அல்லாஹ் எங்களோட கோவமா தம்பி?"

நான் மழுப்பினேன். இன்று அந்தப் படத்தை ஒரு பிரதியாக வைத்து வாசித்தால் அவருக்குச் சொல்லியிருக்கக் கூடிய பதில் கிடைக்கிறது. கரையை மோதித் திரும்பும் நீர் சுழித்து வளைகோடுகளை விடுவது இயல்பு. அன்று எடுத்த எத்தனையோ படங்களில் ஒன்றைத் தெரிந்து, அதிலும் வேண்டாத கோடுகளை விட்டு வேண்டிய கோடுகளை மட்டும் கூட்டி வாசித்திருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, நீரில் மூழ்கி இறந்தவர் ஷஹீத் என்று ஸஹீஹான ஹதீஸ் சொல்கிறது. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்ட அந்த நாளுக்கு மார்க்கத்தில் ஆறுதல் இருந்தது. அதை விட்டுவிட்டு ஒரு படத்தின் நுரையில் தண்டனையை வாசித்தோம். ஆராயாத நம்பிக்கை யாரையும் நோகடிக்காது என்று சொல்பவர்கள் அந்தத் தாயின் கேள்விக்குப் பதில் சொல்லட்டும்.

ஆராய்தல் நமக்குப் புதிதல்ல

சந்தேகம் மேற்கிலிருந்து வந்தது, ஈமானுக்கு ஆகாது என்ற எண்ணம் நம்மிடையே பலருக்கு உண்டு. செய்தி கொண்டுவருபவனை ஆராயாமல் நம்பி ஒரு கூட்டத்துக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் கைசேதப்பட வேண்டாம் என்று ஸூரதுல் ஹுஜுராத் எச்சரிக்கிறது. ஆயிஷா (ரழி) மீது அவதூறு பரவியபோது, அறியாததை நாவால் கைமாற்றியவர்களை ஸூரதுந் நூர் கண்டிக்கிறது. அங்கே கண்டிக்கப்பட்டவர்களில் முஃமின்களும் இருந்தார்கள்.

இப்னு கல்தூன் 1377இல் எழுதிய முகத்திமாவில் வரலாற்றாசிரியர்களை இதே கண்ணால்தான் பார்த்தார். மூஸா நபியின் படையில் ஆறு இலட்சம் பேர் இருந்ததாக மஸ்ஊதி எழுதியதை எடுத்துக்கொள்கிறார். அவ்வளவு பேர் ஓர் அணியாக நின்றால் ஒரு பக்கத்தில் நடப்பது மறுபக்கத்துக்கு எப்படித் தெரியும்? எகிப்துக்கு வந்த எழுபது பேர் நான்கு தலைமுறையில் எப்படி இவ்வளவாகப் பெருகுவர்? செய்தி நடக்கக்கூடியதா என்பதை முதலில் பார், சொன்னவன் நல்லவனா என்பதைப் பிறகு பார்க்கலாம் என்பது அவர் முறை. தன் கட்சி மீதான பற்றே பொய்யை உள்ளே விடும் முதல் வாசல் என்றும் எழுதினார்.

தமிழ் படித்தவன் என்ற முறையில் இங்கே வள்ளுவரையும் நினைக்கிறேன். அறிவுடைமை அதிகாரத்தில், சொல்பவர் யாராக இருந்தாலும் சொன்னதன் மெய்யைக் காணச் சொல்கிறார். மெய்யுணர்தலில், பொருள் எப்படித் தோற்றமளித்தாலும் அதன் மெய்யைக் காணச் சொல்கிறார். முஹத்திஸ்களோ சொல்பவர் யார் என்று துருவித் துருவிக் கேட்டவர்கள். இரண்டும் முரண்போலத் தெரியும். ஆனால் முஹத்திஸ்கள் ஆளைப் பார்த்தது ஆளுக்கு மரியாதை செய்ய அல்ல. நேர்மை இருந்தால் மட்டும் போதாது, ஞாபகமும் கவனமும் வேண்டும் என்றார்கள். தாடியையும் தலைப்பாகையையும் பார்த்துத் தலையாட்டுவதை வள்ளுவரும் ஏற்கவில்லை, அவர்களும் ஏற்கவில்லை.

இந்த அளவுகோலை நமது ஆய்வு எழுத்துக்கும் வைக்க வேண்டும். சமூகத்தின் தொன்மையைச் சொல்லும் கட்டுரைகளில் ஒருவர் காணாத நூலுக்கு இன்னொருவரின் அடிக்குறிப்பைப் பார்த்து அடிக்குறிப்புப் போடுகிறார். மூன்றாமவர் அவரைப் பார்த்துப் போடுகிறார். நேரில் கேளாததைக் கேட்டதுபோல் காட்டுவதற்கு முஹத்திஸ்கள் வைத்த பெயர் 'தத்லீஸ்'. நம்மில் பலருக்கு அது 'ஆய்வு'.

மற்றப் பக்கம்

சந்தேகத்துக்கும் ஒரு நோய் உண்டு, நமக்குப் பிடிக்காததை மட்டும் சந்தேகிப்பது. 2019 மே 23இல் ஒரு சிங்கள நாளிதழ் முதற்பக்கத்தில், ஒரு முஸ்லிம் வைத்தியர் 4000 தாய்மாருக்குக் கருத்தடை செய்ததாக எழுதியது. குருநாகல் வைத்தியர் ஷாபி கைதானார். குற்றப் புலனாய்வுத் திணைக்களம் ஆதாரம் இல்லை என்று நீதிமன்றத்துக்குச் சொன்னது. 2020 ஏப்ரலில் கொவிட் ஜனாஸாக்களை எரிக்க வேண்டும் என்று வர்த்தமானி வந்தது. நிலத்தடி நீர் கெடும் என்றதற்கு ஒரு ஆய்வைக் காட்டுங்கள் என்று கேட்டோம். அடக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னதை எடுத்துக் காட்டினோம். 2021 மார்ச்சில் ஓட்டமாவடியில் முதல் ஜனாஸா அடங்கும்வரை கேட்டுக்கொண்டே இருந்தோம். அது சரியான கேள்வி.

ஆனால் அதே 2021இல் தடுப்பூசி வந்தபோது எங்கள் ஊரில் ஒரு தாய் என்னிடம் கேட்டார், "இத ஏத்தினாப் புள்ளை கிடைக்காதாமே சேர்?" கொத்து ரொட்டியில் மற்றவர்கள் கண்ட மலட்டு மருந்தை நாம் ஊசியில் கண்டோம். 2019 ஏப்ரல் 21 அன்று காலை முதல் செய்தி வந்ததும் என் வாயில் வந்த சொல், "நம்மட ஆக்கள் செய்யமாட்டாங்க." ஆதாரம் பார்த்துச் சொன்னதல்ல, ஆசை சொன்ன சொல். 250க்கும் மேற்பட்ட உயிர்கள் போயிருந்தன. அந்தக் கும்பலைப் பற்றி முன்கூட்டியே முறைப்பாடு செய்தவர்களும் முஸ்லிம்கள்தான். அவர்கள் கண்ணை மூடிக்கொள்ளவில்லை, நான் மூடிக்கொண்டேன்.

கருமணல்

எங்கள் ஊர்க் கரையில் மணல் கறுப்பு. 1957இல் கூட்டுத்தாபனம் அமைந்த காலம் தொட்டு அதை அள்ளிப் பிரிக்கிறார்கள். இல்மனைட், ரூட்டைல், சிர்கோன் எல்லாம் கலந்து கிடக்கும். கண்ணால் பார்த்துப் பிரிக்க ஏலாது. காந்தம் இல்மனைட்டை இழுக்கும். மிச்சத்தில் ரூட்டைல் மின்னைக் கடத்தும், சிர்கோன் கடத்தாது. ஒரு சோதனையில் தப்புவது அடுத்ததில் பிடிபடும்.

இப்போது கட்டுரைப் பாடத்தில் இதைச் சொல்லித்தான் தொடங்குகிறேன். ஒரு செய்தி வந்தால் மூன்று கேள்வி. சொன்னவருக்கு இது எப்படித் தெரியும்? இது நடக்கக்கூடியதா? இதே செய்தி எனக்கு எதிராக இருந்தால் இவ்வளவு ஆதாரத்தோடு ஒப்புக்கொள்வேனா? மூன்றாவதில்தான் பிள்ளைகள் அதிகம் தடுமாறுகிறார்கள். நானும்தான்.

அடுத்த மீலாத் விழாவில் அதே மேடையில், போன முறை நான் சொன்ன கதை உண்மையல்ல என்று சொன்னேன். கூட்டம் முடிந்ததும் ஒரு பெரியவர் கையைப் பிடித்தார். "நல்ல கதையக் கெடுத்துப்போட்டீங்களே சேர். புள்ளைகளுட ஈமான் என்னாகும்?"

அவருக்கு நபிகளாரின் மகன் இப்றாஹீம் மரித்த நாளைச் சொன்னேன். அன்று சூரிய கிரகணம். சிறுவனின் மரணத்துக்காகச் சூரியனே துக்கப்படுகிறது என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். மகனை இழந்த தந்தை பேசாமல் இருந்திருந்தாலே போதும், அந்தக் கதை இன்றுவரை நின்றிருக்கும். நபிகளார் (ஸல்) பேசாமல் இருக்கவில்லை. சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள், எவருடைய மரணத்துக்காகவும் அவை கிரகணமாவதில்லை என்று அறிவித்தார்கள். கிரகணத்தைக் கணக்கிட்டு விளக்குபவர்களை மார்க்கத்தின் பெயரால் மறுப்பவன் மார்க்கத்துக்கே தீங்கு செய்கிறான் என்று இமாம் கஸ்ஸாலி பின்னாளில் எழுதினார்.

பெரியவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப அந்தக் கதைய மேடையில சொல்லியிருக்கலாமே" என்றார்.

அது ஸஹீஹ். இனிமேல் அதைத்தான் சொல்கிறேன்.