மாற்றிப் போட்டுப் பார்த்தல்

சி.என்.சி. இயந்திரத்தின் ஓர் அச்சு அலாரம் காட்டி நின்றுவிட்டால், பட்டறைகளில் முதலில் கையாளப்படும் உபாயம், ஒரே வகையான இரு டிரைவுகளுக்குச் செல்லும் மோட்டார், என்கோடர் கேபிள்களை ஒன்றுக்கொன்று மாற்றிப் போட்டு, கோளாறு எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பதேயாகும். அலாரம் பழைய டிரைவிலேயே தங்கினால் குற்றம் டிரைவினுடையது. அடுத்த டிரைவுக்குக் குடிபெயர்ந்தால் கேபிள், மோட்டார், என்கோடர் ஆகிய மூன்றில் ஒன்றினுடையது. ஆசிலாஸ்கோப்பைக் கண்ணால் கண்டிராத சிறு தொழிலகத்திலும் இவ்வளவு தெளிவான விடை கிடைப்பது அற்ப விஷயமன்று. இம்முறையை இகழும் பண்டிதர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

ஆயினும் அது இடத்தைக் காட்டுமேயன்றிக் காரணத்தைக் காட்டாது. கேபிள் செயினுக்குள் ஓயாமல் வளைந்து நிமிரும் என்கோடர் கேபிளில், மேலுறை பழுதின்றியிருக்க, உள்ளே ஒரு செம்புக் கம்பி மட்டும் அறுந்திருக்கும். மேசை ஒரு குறிப்பிட்ட நிலைக்கு வரும்போதே அதன் முனைகள் பிரிந்து, ஏ, பி என்னும் இரு துடிப்பு வரிசைகளுள் ஒன்று மறைய, அலாரம் எழும். என்கோடரை மாற்றும்போது கேபிள் சற்றே அசைந்து முனைகள் மீண்டும் தொட்டுக்கொண்டால் கோளாறு மறைந்துவிடுகிறது. கீர்த்தியோ புதிதாகப் போட்ட என்கோடருக்குப் போய்ச் சேர, நல்ல நிலையிலிருந்த பழையது குப்பைக்குப் போகிறது. கேபிளை அசைத்தவாறே ஒவ்வொரு கம்பியின் தொடர்ச்சியையும் மீட்டரால் சோதித்து, மோட்டார் முனையில் 5 வோல்ட் குறையாமல் வருகிறதா என்று அளந்திருந்தால் இந்த நஷ்டம் நேர்ந்திராது.

இதைவிட விபரீதமானது, சுருளில் காப்பு கெட்ட மோட்டாரை நல்ல டிரைவோடு இணைத்து, அதன் டிரான்சிஸ்டர்களையும் பலியிடுவது. மாற்றிப் போடுமுன் மோட்டார் கேபிளை டிரைவிலிருந்து கழற்றி, 500 வோல்ட் மெக்கரால் சுருளுக்கும் உடலுக்கும் இடையே சோதிப்பது அவசியம். என்கோடர் கம்பிகளில் மெக்கரை வைப்பதோ அதைக் கொல்வதற்குச் சமம்.

புதிய என்கோடரைப் பொருத்துவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. சுழலியின் காந்தத் துருவத்தோடு அது ஒத்திசையாவிட்டால், எட்டுத் துருவ மோட்டாரில் தண்டின் 22.5 பாகை விலகலே 90 மின்பாகையாகி, மின்னோட்டம் பாய்ந்தும் முறுக்குவிசை பிறவாது. அதற்கும் மேற்பட்டு விலகினால் மோட்டார் கட்டளைக்கு எதிர்த் திசையில் பாயும். செங்குத்தான இசட் அச்சில், பிரேக் உள்ள மோட்டாரைக் கழற்றுமுன் தலைப்பகுதிக்கு மரக்கட்டையால் முட்டுக் கொடுக்காமல் இந்தப் பரீட்சையைத் தொடங்குபவருக்கு எந்த மீட்டரும் உதவாது.