நரியில்லாத மித்திரபேதம்

விலங்குகளையும் பறவைகளையும் பேசவைத்து நட்பை ஆராய்வது புதுமையன்று. பஞ்சதந்திரத்தின் முதற் பகுதியே மித்திரபேதமாகும். அங்கே சிங்கத்துக்கும் எருதுக்குமிடையே இருந்த நட்பு நரியொன்றின் கோளினாற் குலைகிறது. கேடு வெளியிலிருந்து வருகிறது. நரியை இனங்கண்டுகொண்டால் பாடமும் முடிந்துவிடும். அமெரிக்க ஓவியர் லிசா ஹனவோல்ட் உருவாக்கி, 2019இல் நெற்பிளிக்ஸ் வெளியிட்ட ‘டூக்கா அன்ட் பேர்ட்டி’ என்னும் வளர்ந்தோருக்கான அசைவூட்டத் தொடரும் பறவைகளைக் கொண்டு நட்பின் விரிசலையே பேசுகிறது. ஆனால் அதில் நரி இல்லை.

முப்பது வயதை எட்டிய இரு தோழியர். டூக்கா ஆரவாரக்காரி; குடியை விட்டுச் சில மாதங்களே ஆனவள்; நிலையான தொழிலற்றவள். பேர்ட்டி எதற்கும் அஞ்சுபவள். காரியாலயத்தில் வேலைபார்த்துக்கொண்டே கேக் செய்யும் கலையிற் கனவு காண்பவள். காதலன் ஸ்பெக்கிள் பேர்ட்டியுடன் குடிவர, டூக்கா மேல்மாடிக்குக் குடிபோகிறாள். ஸ்பெக்கிள் சூதறியாதவன், எவரையும் பிரிக்க எண்ணாதவன். எனினும் விரிசல் விழுகிறது. நவீன நகர வாழ்வில் காதலுக்கு வீடு, திருமணம் என அங்கீகாரங்கள் பல உள. நட்புக்கு அவ்வாறான எதுவுமில்லை. ஒரு தளம் மேலே சென்றதையே பிரிவாக உணரும் டூக்கா, அதனைச் சொல்லச் சொல்லின்றிக் கேலியால் மூடுகிறாள். இத்தொடரின் நகைச்சுவை பெரும்பாலும் இவ்வாறு எதையோ மறைக்கும் முயற்சியிற் பிறப்பது கவனிக்கற்பாலது.

அசைவூட்டம் இங்கு வெறும் அலங்காரமன்று. சக ஊழியனொருவன் ஆபாசமாகப் பேசியதும் பேர்ட்டியின் மார்புகளில் ஒன்று சினங்கொண்டு கழன்று, காரியாலயத்தை விட்டே வெளியேறிவிடுகிறது. சிரிப்பு அடங்கிய பின்னரே, தன் உடல் தனக்கு அந்நியமாகும் அவமானம் பார்ப்போருக்கு உறைக்கிறது. நடிகையை வைத்து எடுத்த படமாயின் அருவருப்பே எஞ்சியிருக்கும்.

பேர்ட்டிக்குக் கேக் செய்யக் கற்பிக்கும் பீற், கொதிக்கும் பாத்திரத்தின் மேல் அவள் தலையை அழுத்திப் பிடிக்கும் காட்சி வேறுவகையானது. அங்கு விந்தை எதுவுமில்லை. அச்சத்தோடு அவளுள் எழும் கிளர்ச்சியையும் தொடர் ஒளிக்கவில்லை. அவள் மௌனம் காக்க, பின்வந்த பயிற்சிப் பெண்ணுக்கும் அதுவே நேர்கிறது. அப்பெண்ணின் கோபம் பேர்ட்டியின் மீதும் பாய்கிறது. குற்றம் பீற்றினுடையதே. ஆயினும், பாதிக்கப்பட்டவளைக் குழப்பம் எதுவுமற்ற பதுமையாக வைத்திருக்கும் வசதியான மரபை ஹனவோல்ட் இவ்விடத்திற் கைவிடுகிறார். ஒன்பதாம் அங்கத்தில், ஜெலி ஏரிக்கரையில், அவளது சிறுபராயக் காயம் வெளிப்படும்போதுதான் அம்மௌனத்தின் வேர் புலனாகிறது.

குறைகளும் உள. ஸ்பெக்கிள் அளவுக்கு மீறி நல்லவன்; முதற் பருவத்தில் அவனுக்கென ஓர் உள்வாழ்வு அமையவில்லை. பத்து அங்கங்களுடன் நெற்பிளிக்ஸ் கைவிட்ட தொடரை, அடல்ற் சுவிம் 2021, 2022 ஆகிய ஆண்டுகளில் மேலும் இரு பருவங்களாகத் தந்தது. இரண்டாம் பருவத்தில் டூக்கா, காரா என்னும் தாதியைக் காதலிக்கிறாள். அவ்வுறவில் அவளது ஆரவாரம் சிறிது சிறிதாக ஒடுங்குவது நன்கு வரையப்பட்டுள்ளது. ஆனால் காராவில் நரியின் சாயல் படிந்துவிடுகிறது. பழியைச் சுமத்த ஓர் ஆள் கிடைத்தவுடன் முதற் பருவத்தின் நுட்பமும் தளர்கிறது.