முன்பையின் அரை மில்லிமீட்டர்

விசையைத் தொட்டதும் வெடிமருந்து பற்றி, குண்டு குழலைத் தாண்டி வெளியே போக ஏறத்தாழ ஒரு மில்லி விநாடி ஆகிறது. அதற்குள் துப்பாக்கி பின்னோக்கி நகரத் தொடங்கிவிடும். நான் சுடுவது 10.5 பவுண்டு ரைஃபிள், 6 பிபிசி (PPC) தோட்டா, 68 கிரெயின் குண்டு. குண்டின் எடையையும் மருந்தின் எடையையும் துப்பாக்கியின் எடையோடு வைத்துக் கணக்குப் போட்டால், குண்டு வெளியேறும் முன் துப்பாக்கி நகரும் தூரம் அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல். அந்த அரை மில்லிமீட்டரில் துப்பாக்கியின் முன்கட்டை உரசிக்கொண்டிருப்பது ஒரு மணல்பையின் மேல். அந்தப் பையைத் தேர்ந்தெடுக்க இந்த ஒரு பருவம் முழுவதையும் செலவிட்டேன்.

பெஞ்ச்ரெஸ்ட் பழக்கமில்லாதவர்களுக்கு: கல் மேசைமேல் துப்பாக்கியை வைத்து, ஐந்து குண்டுகளை முடிந்தவரை ஒரே துளைக்குள் அனுப்பும் போட்டி இது. ஒன்றுக்கொன்று மிகத் தள்ளி விழுந்த இரண்டு துளைகளை மையத்துக்கு மையம் அளப்பார்கள்; அதுதான் குரூப்பின் அளவு. அமெரிக்காவில் 1951-இலேயே இதற்குத் தேசியச் சங்கம் வந்துவிட்டது. 100 யார்டில் கால் அங்குலக் குரூப் என்றால் வெளியார் வியப்பார்கள். போட்டியில் அது பின்வரிசைதான். லூ பால்மிசானோவும் ஃபெரிஸ் பிண்டெலும் 1970-களில் உருவாக்கிய இந்த 6 பிபிசி தோட்டாதான் இன்றும் குறுந்தூரத்தில் கோலோச்சுகிறது. துப்பாக்கியின் முன்பக்கம் மூன்று கால் இரும்புத் தாங்கியில் கட்டிய முன்பையிலும், பின்பக்கம் முயல்காது வைத்த பின்பையிலும் அமர்ந்திருக்கும்.

என் மேசையில் இரண்டு பைக்கும் நடுவே சுமார் 45 செ.மீ. முன்கட்டை ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு தூக்கிக்கொண்டால், 100 யார்டில் அது 2 மி.மீ. ஆகிறது. நல்ல குரூப்பே 5 மி.மீ. தான். இதைத் தாளில் எழுதிப் பார்த்த அன்றுதான் முன்பையைத் துணைச்சாமான் என்று நினைப்பதை நிறுத்தினேன்.

முதலில் அகலம். என் ரைஃபிள் சேரும் வார்மின்ட் பிரிவுகளில் முன்கட்டை 3 அங்குலத்துக்கு மேல் இருக்கக்கூடாது. பெரும்பாலான போட்டிக் கட்டைகள் அந்த வரம்பையே தொட்டு நிற்கும். பையையும் 3 அங்குலம் என்றே விற்கிறார்கள். ஆனால் அது வெறும் பையின் அளவு. மணல் நிரம்பியதும் பக்கக் காதுகள் உள்நோக்கிப் புடைத்துக்கொள்ளும். நான் முதலில் வாங்கிய பையில் இதுதான் நடந்தது. கட்டை உள்ளே போக மறுத்தது. அழுத்தி வைத்தால் பை கட்டையைக் கவ்வியது. சுட்டபின் துப்பாக்கியை முன்னுக்குத் தள்ளினால் ஒவ்வொரு முறையும் குறுக்குக்கோடு வேறு வேறு இடத்தில் நின்றது. இறுக்கமாகப் பிடித்தால் அசையாது என்று தோன்றும், உண்மை நேர்மாறு. கட்டை பக்கவாட்டில் ஆடாமல், பின்னே போகும்போது மட்டும் தடையே இல்லாமல் போக வேண்டும். ரயில் துப்பாக்கிகள் தண்டவாளத்தில் ஓடிப் பழைய இடத்துக்கே திரும்பலாம், ஆனால் அவை தனிப் பிரிவு. நம் பிரிவில் அந்தத் தண்டவாளத்தின் வேலையை இந்த மணல்பைதான் செய்தாக வேண்டும்.

கடையிலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனை ஒன்று உண்டு. ஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு, துப்பாக்கியை ஒரே விரலால் இரண்டு அங்குலம் மெல்லப் பின்னுக்குத் தள்ளுங்கள். குறுக்குக்கோடு செங்குத்தாக மேலோ கீழோ போனால் தாங்கியின் உயரத்தையும் சாய்வையும் திருத்திச் சரிசெய்துவிடலாம். கோணலாகப் போனால் கட்டையும் பையும் ஒத்துப்போகவில்லை. தடங்கித் தடங்கிப் போனால் தையலைப் பாருங்கள். கட்டை அமரும் பரப்பின் மேலே தையல் ஓடும் பையை விலை எவ்வளவு குறைந்தாலும் வாங்காதீர்கள்.

இனி மேல்துணி. முழுத்தோல், தோலும் கார்டுராவும் கலந்தது, வழுவழுப்பான செயற்கைத் துணி என மூன்றையும் ஒரே தாங்கியில் மாற்றி மாற்றிச் சுட்டேன். உலர்ந்த காலையில் தோல்தான் எனக்குப் பிடித்தது. முகப்பவுடர் லேசாகத் தூவினால் கட்டை வெண்ணெயில் போவதுபோல் போகும். ஆனால் மழைக்கு முந்தைய புழுக்கத்தில் அதே தோல் ஈரத்தை வாங்கிக்கொண்டது, பவுடர் மாவாகத் திரண்டது, நான்காவது குண்டு மேலே ஏறியது. செயற்கைத் துணிக்கு வானிலையைப் பற்றிக் கவலையே இல்லை. துப்பாக்கியைத் தோளில் சேர்க்காமல் விசையை மட்டும் தொட்டுச் சுடுகிறவர்கள் வேறெதையும் தேடவேண்டாம். கலப்புப் பை நடுத்தரம். தோளில் லேசாக அணைத்துச் சுடுகிறவர்களுக்குப் பொருந்தும்.

துணியைவிட மணல் முக்கியம் என்பது என் முடிவு. தளர்வான பையில் ஒவ்வொரு குண்டுக்கும் துப்பாக்கி கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே அமிழும், துளைகள் மேலும் கீழுமாகக் கோத்துக்கொள்ளும். கடல் மணல் கூடாது: உப்பு ஈரத்தை இழுக்கும். கழுவிக் காயவைத்துச் சலித்த நுண்மணலை ஒவ்வொரு கரண்டியாகப் போட்டு, மரக்குச்சியால் இடித்து, பக்கங்களைத் தட்டி நிரப்ப வேண்டும். எனக்கு ஒரு பைக்கு முழு மாலையே போனது.

வார்ப்பட ஆலைகளில் பயன்படும் சிர்க்கான் மணலை 'கனமணல்' என்று சுடுபவர்கள் தேடிப் போகிறார்கள். சாதாரண மணலின் அடர்த்தி 2.65 என்றால் சிர்க்கானுடையது 4.6-க்கு மேல். நம் மணவாளக்குறிச்சிக் கரையில் இல்மனைட்டோடும் மோனசைட்டோடும் கலந்து கிடக்கும் அதே கனிமம்தான் இது; ஒஹாயோவில் ஒருவர் அந்தப் பொடியை என் உள்ளங்கையில் கொட்டியபோது குமரிக் கடற்கரையின் கறுத்த மணல் நினைவுக்கு வந்து சற்று நேரம் பேசாமல் நின்றேன். பின்பை மேசைமேல் சும்மா அமர்ந்திருப்பதால் அதற்கு எடை தேவை, அங்கே கனமணல் தகும். முன்பையை இரும்புத் தாங்கி பிடித்திருக்கிறது. அதற்குக் கனமணல் வாங்கும் பணத்துக்கு இரண்டு பெட்டி குண்டு வாங்கிப் பழகலாம்.

நான் வைத்துக்கொண்டது செயற்கைத் துணிப் பை; காதுகள் தாழ்ந்தவை, அடிப்பரப்பு தட்டை, சாதாரண மணல். நிரப்பி முடித்தபோது கல்போல் இருந்தது. முதல் இருபது குண்டு சுட்டபின் வாயை அவிழ்த்துப் பார்த்தேன். உள்ளே இன்னும் இரண்டு கரண்டி மணல் பிடித்தது.