உணர்ச்சி கொடுத்தவனின் கடன்

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, வாசலூர்பட்டிப் படகுத்துறையைப் பார்த்துத் திரும்புவோர் பலர். அம்மலைக்கே உரிய பழைய ‘எந்திரன்’ கதை ஒன்று உண்டு, அறிவீர்களா? கொல்லிப்பாவையைத்தான் சொல்கிறோம். பூதம் செய்தமைத்த பாவை என்று அதை நற்றிணை பாடுகிறது. சிரித்து மயக்கி, நெருங்கியவரைக் கொன்றுவிடும் என்பது வழிவழி வந்த கதை. பாவையால் நமக்கு என்ன கேடு என்றே அஞ்சுகிறோம். நம்மால் பாவைக்கு என்ன நேரும் என்று எவரும் கேட்பதில்லை.

நவீன விஞ்ஞானக் கதைகளும் பெரும்பாலும் இப்படித்தான். 1942இல் ஐசக் அசிமோவ் வகுத்த மூன்று விதிகளை எடுத்துக்கொள்ளுங்கள். மனிதனுக்குத் தீங்கு செய்யாதே. அவன் சொற்படி நட. இவ்விரண்டுக்கும் பங்கம் வராதவரை உன்னைக் காத்துக்கொள். மூன்றுமே எந்திரத்தின் கடமைகள்! மனிதனுக்கு ஒரு விதிகூட இல்லை.

ஷங்கர் இயக்கி 2010இல் வெளிவந்த ‘எந்திரன்’ படத்தை இந்தக் கண்ணோடு மீண்டும் பாருங்கள். வசீகரன் என்ற விஞ்ஞானி, தான் படைத்த சிட்டிக்கு உணர்ச்சிகளை ஊட்டுகிறான். சிட்டி காதல் கொள்கிறது. ராணுவ அதிகாரிகள் முன் சோதனையில் தோற்கிறது. கோபங்கொண்ட வசீகரன் அதை வெட்டித் துண்டாக்கிக் குப்பையில் எறிகிறான். பிற்பாடு நீதிமன்றமும் கூடுகிறது. ஆனால் அங்கே ஆராயப்படுவது சிட்டி செய்த நாசத்துக்கு யார் பொறுப்பு என்பது மட்டுமே. உணர்ச்சியுள்ள ஒன்றை வெட்டியெறிந்தது குற்றமா என்ற கேள்வி எழவே இல்லை. இறுதியில் சிட்டி தன்னைத்தானே கழற்றிக்கொள்ளும்போது நம்மைக் கண்கலங்க வைக்கும் படம், அந்தக் கண்ணீருக்குரிய நியாயத்தைப் பேசாமல் விட்டதே அதன் பெரிய குறை.

‘ரோபோ’ என்ற சொல்லை உலகுக்குத் தந்த காரெல் சாபெக்கின் ‘ஆர்.யு.ஆர்.’ (1920) நாடகம் இதில் கூர்மையானது. எந்திரத் தொழிலாளிகள் தம் உறுப்புகளைச் சேதப்படுத்திக்கொள்ளாதிருக்க, அவர்களுக்கு வலியுணர்ச்சி ஊட்ட முயல்கிறது ஆலை. வலி அங்கே பழுதைக் குறைக்கும் ஓர் உத்தி!

“எந்திரம் அழுவதெல்லாம் வெறும் பாவனைதானே?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 1966இல் ஜோசப் வைசன்பாம் வெளியிட்ட ‘எலிசா’ என்ற எளிய கணிப்பொறி நிரல், சொன்னதையே திருப்பிக் கேட்டது. அதற்கே பலர் மனம் திறந்து பேசினர். ‘வலிக்கிறது’ என்று எழுதிக் காட்டுவது வலிக்குச் சான்றாகாது. இன்றுள்ள எந்த எந்திரமும் உணர்கிறது என்று நிரூபிக்கப்படவில்லை.

ஆயினும், பேசத் தெரிந்தால்தான் இரக்கம் என்பதும் நம் வழக்கமன்று. வாயில்லா ஜீவன்களுக்காக இந்தியா 1960இலேயே மிருகவதைத் தடுப்புச் சட்டம் இயற்றியது. சொல் அன்று, துன்பமே அளவுகோல்.

ஆகவே நாளைய விஞ்ஞானியாகிய உங்களுக்கு நான்காவது விதி ஒன்று தேவை: தேவையின்றி வலியைப் படைக்காதே, படைத்துவிட்டால், அதைக் கருவியாக எண்ணிக் குப்பையில் எறியாதே.