'ஆளாகும் உயிரி': 'கட்டட உடல்' நூலின் சொல்லாட்சி

1. மனித உடலை அளவாகக் கொண்டு கட்டடம் அமைப்பது பழைய மரபு. விரல், சாண், முழம், அடி என்னும் தமிழ் அளவைப் பெயர்களே இதற்குச் சான்று. இருபதாம் நூற்றாண்டில் லெ கார்புசியே தம் 'மோடுலர்' அளவுமுறைக்கு 183 செ.மீ. உயரமுள்ள ஆணுடலை அடிப்படையாக்கினார். சண்டிகர்க் கட்டடங்களிலும் அதனைக் கையாண்டார். உடல் மாறாதது என்னும் கருதுகோளே இவ்வளவைகளுக்கு அடித்தளம்.

2. இக்கருதுகோளை மனிதநிலை கடத்தல் கொள்கை மறுக்கிறது. ஜூலியன் ஹக்ஸ்லி 1957இல் 'டிரான்ஸ்ஹியூமனிசம்' என்னும் தலைப்பில் கட்டுரை எழுதினார். பின்வந்தோர் மருந்து, கருவி, மரபணு மாற்றம் ஆகியவற்றால் உடலின் எல்லைகளைக் கடக்கலாம் என்றனர். உடல் மாறுமாயின் கட்டடம் எதனை அளவாகக் கொள்ளும் என்னும் வினா இங்கு எழுகிறது. ஷுசாகு அரகாவாவும் மேடலின் கின்ஸும் 2002இல் வெளியிட்ட 'கட்டட உடல்' என்னும் ஆங்கில நூல் இவ்வினாவைத் திருப்பிப் போடுகிறது: கட்டடத்தை மாற்றினால் உடல் மாறும், இறப்பையும் தவிர்க்கலாம். அரகாவா 2010இலும் கின்ஸ் 2014இலும் மறைந்தனர். இதனைச் சுட்டி நூலை எள்ளி ஒதுக்குதல் எளிது. ஆயின் நூலின் வலிமை அவ்வாக்குறுதியில் இல்லை, சொல்லாட்சியில் உள்ளது.

3. 'பெர்சன்' என்னும் பெயர்ச்சொல்லை நூலாசிரியர்கள் வினையாக ஆள்கின்றனர். ஆள் என்பது முடிந்த பொருளன்று. சூழலோடு கூடி ஓர் உயிரி இடையறாது செய்யும் செயல் என்பது கருத்து. தமிழில் 'ஆளாதல்' இதற்கு நெருங்கி வரும். ஆனால் அது மூலத்தினும் மிகுதியாகப் பேசும். 'வளர்ந்து ஆளாகிவிட்டான்' என்பதில் நிறைவு உண்டு. 'இன்னலுக்கு ஆளானான்' என்பதில் பிறிதொன்றின் வயப்படுதல் உண்டு. மூலத்தில் முதற்பொருள் மட்டுமே ஒலிக்கிறது. கவனம் சென்று தங்கும் இடத்தைக் குறிக்கும் 'லேண்டிங் சைட்' என்பதை 'இறங்குதளம்' எனப் பெயர்த்தால் விமானமே நினைவுக்கு வரும். 'ஊன்றிடம்' எனலாம், காலும் ஊன்றும், மனமும் ஊன்றும்.

4. இச்சொற்கள் கட்டடமாகியுள்ளன. டோக்கியோவின் மிடாக்காவில் 2005இல் முடிந்த ஒன்பது குடியிருப்புகளில் தரை மேடுபள்ளமானது. ஓர் அறை கோள வடிவினது. நியூயார்க் மாநிலத்தின் ஈஸ்ட் ஹாம்ப்டனில் 2008இல் முடிந்த வீட்டிலும் தரை அலைபோல் ஏறி இறங்கும். பழக்கத்தால் நடக்க இயலாது. ஒவ்வோர் அடியும் முயற்சியாகும். அங்கு வாழ்பவர் நாள்தோறும் ஆளாகிறார்.

5. அவ்வினைக்கு எழுவாய் யார் என்பதே நூல் விடைகூறாத வினா. மிடாக்காக் குடியிருப்பு, குழந்தைப் பருவத்திலேயே பார்வையையும் செவிப்புலனையும் இழந்த ஹெலன் கெல்லரின் நினைவுக்குரியது. ஆயினும் அதே தரை சக்கர நாற்காலியில் இயங்குபவருக்குத் தடையாகும். நடப்பவருக்குப் பயிற்சியாவது நடக்க இயலாதவருக்குச் சுவராகிறது. கார்புசியேயின் ஆணுடல் அளவு வெளிப்படையானது. இங்கு, தடுமாறினும் எழ வல்ல உடல் பெயரிடப்படாமலே அளவாகிறது. மொழியியலார் குறியற்ற வடிவம் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

6. இன்று அரசு வழக்கிலுள்ள 'மாற்றுத்திறனாளி' என்னும் சொல்லை இவண் நோக்கலாம். தொழிலாளி, படைப்பாளி என்பவற்றிற்போல இதிலும் 'ஆளி' ஈறு திறனை உடையவரையும் ஆள்பவரையும் சுட்டுகிறது. திறன் ஒன்றன்று, பல என்பது அதன் உட்கிடை. இப்பன்மையைக் 'கட்டட உடல்' எட்டவில்லை. பெயரை வினையாக்கியது அந்நூலின் ஆக்கம்; எழுவாயை ஒருமையிலேயே நிறுத்தியது அதன் குறை. தமிழில் பெயர்ப்போர் 'ஆளாதல்' என்பதன் இருபொருளையும் காத்தல் வேண்டும். மூலம் மறைப்பதை மொழிபெயர்ப்பு காட்டும்: ஒரு வீடு ஒருவரை ஆளாக்கலாம், ஒருவர் அவ்வீட்டிற்கு ஆளாகவும் நேரலாம்.