கல்லைச் சுமக்கும் கைகள்

ஜேர்மனியின் நியூரம்பேர்க் நகரிலுள்ள புனித லோறன்ஸ் தேவாலயத்துக்குச் செல்வோர், அங்குள்ள நற்கருணைப் பேழையின் உச்சியையே முதலில் நோக்குவர். ஏறக்குறைய 20 மீற்றர் உயரமான அக்கற்கோபுரத்தின் நுனி, மேல்வளைவை எட்டுமிடத்தில் இளங்கொடிபோல வளைந்து நிற்கிறது. ஆனால், அதன் சமுதாயப் பொருளை அறிய விரும்புவோர் அடித்தளத்தையே நோக்குதல் வேண்டும். முழந்தாளிட்ட மூவர் அதனைத் தாங்குகின்றனர். அவர்களுள் கொட்டாப்புளியும் உளியும் ஏந்தியவர், அதனைச் செதுக்கிய கல்தச்சர் ஆதம் கிராஃப்ட் என்பது மரபு. ஏனையோர் அவருடைய உதவியாளர்.

இப்பணியை 1493இல் 700 குல்டன் கூலிக்கு ஒப்படைத்தவர் ஹான்ஸ் இம்ஹோஃப் என்னும் பெருவணிகர். 1496இல் அது நிறைவெய்தியது. அந்நகரிலே 1348இல் கைவினைஞர் கிளர்ந்தெழுந்தனர். மறு ஆண்டில் அக்கிளர்ச்சி அடக்கப்பட்டபின் அவர்களுடைய சங்கங்கள் தடைசெய்யப்பட்டன. வணிகக் குடும்பங்களின் நகர்மன்றமே தொழில்களையும் ஆண்டது. இத்தகைய நகரிலே, கூலிக்கு அமர்ந்த ஒருவர் செல்வர் அளித்த காணிக்கையின் அடியில் தம்மையும் தம் தோழரையும் நிறுத்தினார்.

இதனைப் பக்தனின் பணிவு என்பாருளர். கலகக்குரல் என்பாரும் இருத்தல் கூடும். பாரந்தாங்கும் உருவங்கள் இடைக்காலக் கலைக்குப் புதியனவல்ல. ஆதலின், இதிலே புரட்சியைக் காண்பது நம் விருப்பத்தைக் கல்லின்மேல் ஏற்றுவதாகும். எனினும், வெறும் பணிவுக்கு உளி எதற்கு? சுமப்பவரே செய்தவர் என்பதை அக்கருவி சொல்கிறது. கூட்டுழைப்பை உடனிருக்கும் இருவர் உணர்த்துகின்றனர்.

1497இல் நகரின் நிறுவைச் சாலைக்கு அவர் செதுக்கிய புடைப்புச் சிற்பமும் ஈண்டு கருதத்தக்கது. நிறுப்பவர் தராசைக் கவனிக்கிறார். பணியாளன் எடைக்கல் வைக்கிறான். வணிகரின் கை பணப்பைக்குள் நுழைகிறது. யாவருக்கும் ஒரே நிறை என்பது அதன் வாசகம். தராசில் இருந்த சமத்துவம் நகர்மன்றத்தில் இருக்கவில்லை என்பதைப் பார்ப்போர் அறிந்தேயிருப்பர்.

கிராஃப்ட் 1509ஆம் ஆண்டளவில் சுவாபாக் நகரில் இறந்தார். கல்லை இளக்கி வார்க்கும் இரகசியம் அவருக்குத் தெரியுமெனப் பின்னாளில் ஒரு கதை பரவியது. புகழ்மாலை போலத் தோன்றும் இக்கதை உண்மையில் அவரது உழைப்பைப் பறிப்பதாகும். மூன்றாண்டு வியர்வையை மந்திரமாக்கிவிட்டால் கூலியைப் பற்றியும் உதவியாளரைப் பற்றியும் எவரும் வினவமாட்டார் அல்லவா? அக்கதைக்கு மறுப்பைக் கிராஃப்ட் முன்னரே செதுக்கிவைத்தார். கோபுரத்தின் அடியிலே, கையில் உளியுடன், அது இன்றும் இருக்கிறது.